நாற்பத்தோராம் வாரம்

என் வீட்டுக்காரர் வெர்லின் செத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், ஒழுங்காகத் தூங்குகிறேன். பக்கத்து வீட்டுவண்டிக்காரர்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏமாந்து போகிறார்கள். அழுதால் கட்டிக்கொள்ளலாம் என்று தயாராக வந்து நிற்கிறார்கள், பாவம். எனக்கு எதுவும் வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இறங்காத கன்னம் மாதிரி இருக்கிறேன்.

மகள் கெயில் நெப்ராஸ்காவிலிருந்து தினமும் போன் செய்கிறாள். "வித்துத் தொலைம்மா அந்த வண்டிய. எங்க மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு." வாங்க ஒருவர் தயார், இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மாடி அறை என்றால் நானும் கெயிலின் ஓடாத சைக்கிளும். வண்டி என்றால் நானே ஓட்ட வேண்டும். இருபத்தாறு வருஷத்து வண்டி. பதினொரு வருஷம் அதிலேயே குடியிருந்தும் ஸ்டியரிங்கைத் துடைத்ததோடு சரி, பிடித்து ஓட்டியதில்லை.

அந்த நேரம் பார்த்து டயர்க்காரர் எஃப்ரயின் வந்து நின்றார். ஜனவரியில் டயர் மாற்ற வேண்டும் என்று வெர்லின் எப்போதோ சொல்லிவைத்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றுவதில்லை.

எஃப்ரயினுக்கு ஐம்பது வயது இருக்கும். பாலைவன ஊரான இந்த யூமாவில் குளிர்காலத்துக்கு வந்து நிற்கும் எங்களைப் போன்றவர்களின் வீட்டுவண்டிகள்தான் அவர் பிழைப்பு. ஆறு டயரையும் சுற்றி வந்தார்.

"யாரும்மா இப்படிப் பளபளன்னு தேய்ச்சது?"

"என் வீட்டுக்காரர். சனிக்கிழமை தவறாம."

"இந்தப் பாலிஷை ஷூவுக்குப் போடலாம். டயருக்குப் போட்டா வெடிப்பு விடும்."

"அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. உனக்கு டயரப் பத்தி என்ன தெரியும்னார்."

அது வெர்லினேதான்.

எஃப்ரயின் வண்டிக்கடியில் தவழ்ந்து, டார்ச் அடித்து எண்ணைப் படித்தார். 1516. பதினைந்தாம் வாரம், இரண்டாயிரத்துப் பதினாறு. டயர் பிறந்த நாள். நாங்களெல்லாம் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்து, அடேயப்பா இன்னும் புதுசு என்று பூரிக்கிற ஜாதி. இந்த வண்டிகளின் டயர் ஓடித் தேய்வதில்லை, வெயிலில் நின்று நின்றே சாகிறது. ஏழு வருஷம், அவ்வளவுதான்.

"வண்டி என்ன கனம் இருக்கும்?"

"போன வருஷம் எடை போட்ட சீட்டு இருக்கு. அதுல இருநூத்திமுப்பது பவுண்டு கழிச்சுக்குங்க."

"எதை எறக்கினீங்க?"

"வெர்லினை."

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"விக்கிற எண்ணமிருந்தா, வேற வண்டில கழட்டினது ஆறு இருக்கு, ரெண்டு வருஷம் வரும். புதுசுன்னா ஏழு வருஷம். எத்தனை வருஷம் ஓட்டப் போறீங்க?"

"எனக்கு எழுபத்திரண்டு ஆச்சு."

"நான் அதைக் கேக்கலம்மா."

"புதுசைக் கொண்டாங்க, பாப்போம்" என்றேன். பார்ப்போம் என்றால் பார்ப்போம், அதற்குமேல் ஒன்றுமில்லை.

மத்தியானம் கொண்டுவந்து இறக்கினார். ரொட்டி வாங்குவதுபோல் தேதி பார்த்து வாங்கு என்பது வெர்லினின் வேதவாக்கு. டார்ச்சை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். ஐந்தில் 4624. ஆறாவதில் 4124.

"அது மட்டும் அஞ்சு வாரம் மூத்தது. ஒண்ணும் பண்ணாது" என்றார்.

"நாப்பத்தோராம் வாரம்னா எப்ப?"

போனில் பார்த்தார். "அக்டோபர் ஏழுலேருந்து பதிமூணு வரைக்கும்."

வெர்லின் போனது பத்தாம் தேதி, வியாழக்கிழமை. நான் ஆஸ்பத்திரி நடையில் ஆறிப்போன காபியோடு உட்கார்ந்திருந்த அந்த வாரம், எங்கேயோ ஒரு மனுஷன் வழக்கம்போல் வேலைக்கு வந்து, ரப்பரை அச்சில் போட்டு, வாரத்தைக் குத்தி அனுப்பியிருக்கிறான். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று வந்தது.

"அவர் செத்த வாரம் இது" என்றேன்.

எஃப்ரயின் சட்டென்று அந்த டயரைப் பிடித்து உருட்டத் தொடங்கினார். "மாத்திக் கொண்டாரேம்மா. கடைல வேற இருக்கு."

"வைங்க அதை."

"இல்லம்மா..."

"வைங்கன்னா வைங்க."

"முன்சக்கரம் ரெண்டும் ஒரே தேதியா இருக்கணும். இது பின்னாடிதான் போகும்."

"பின்னாடியே போடுங்க. ஜோடிச் சக்கரத்துல உள்பக்கம். குனிஞ்சா நம்பர் தெரியணும்."

ஆறையும் மாட்டி முடித்துக் கை துடைத்தார். "அம்பது மைல் ஓடினப்புறம் நட்டை மறுபடி இறுக்கணும். கடைக்குக் கொண்டாங்க. யார் ஓட்டுவா?"

"இங்க வேற யாரு இருக்கா?"

சாயங்காலம் கெயில் கூப்பிட்டபோது நான் வண்டிக்கடியில் பாதி நுழைந்து கிடந்தேன்.

"என்னம்மா, வண்டி கேட்ட ஆளுக்கு என்ன சொல்லட்டும்?"

"டயர் மாத்தியாச்சுன்னு சொல்லு."

"ஐயோ! ஏம்மா இப்படிப் பண்றே? எத்தனை நாளைக்குத்தான் தனியா இருக்கப் போறே?"

டார்ச் வெளிச்சத்தில் எண்கள் கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏழு வருஷத்தைக் கூட்டினேன்.

"ரெண்டாயிரத்து முப்பத்தொண்ணு, நாப்பத்தோராம் வாரம் வரைக்கும்."