ஆயிரத்து இருநூறு சதுர அடி

"மெட்ராஸ் வீட்ட எனக்குக் குடுங்க."

சுடர்விழி இதைச் சொன்னதும் பெரியப்பா பிச்சைமுத்து முறுக்கைக் கடித்த வாயோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் வெற்றிசெல்வன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். அவன் மனைவி புவனேஸ்வரி காபித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றாள். பத்திரம் எழுதுகிற சூசைராஜ் மட்டும் இதெல்லாம் தினமும் பார்க்கிற கூத்து என்பதுபோல மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

இதைக் கேட்கவே கூடாது என்று ஆத்தா பொன்னுத்தாய் காலையிலிருந்து மூன்று முறை சொல்லியிருந்தாள். "அண்ணன் குடுக்குறத வாங்கிக்க. அங்கிட்டு உள்ள வீட்டப் பத்தி வாயத் தொறந்த, நான் பொல்லாதவளாயிருவேன்."

அப்பா ஆத்மநாதன் பதினெட்டு வருடம் சிங்கப்பூரில் கப்பலுக்குப் பெயின்ட் அடித்தவர். அந்தக் காசில் இரண்டு இடம் வாங்கி, இரண்டிலும் வீடு கட்டினார். ஒன்று, இவர்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற ஆவுடையார்கோவில் வீடு. இன்னொன்று சென்னையை ஒட்டி, கூடுவாஞ்சேரியில். அங்கேயும் ஆயிரத்து இருநூறு சதுர அடி, இங்கேயும் ஆயிரத்து இருநூறு சதுர அடி. உயில் எதுவும் எழுதாமல் எட்டு மாதத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

அண்ணன் பிரித்த பிரிப்பு ரொம்பச் சுலபமானது. அவன் ஒன்பது வருடமாக வாடகையில்லாமல் குடியிருக்கிற கூடுவாஞ்சேரி வீடு அவனுக்கு. ஆவுடையார்கோவில் வீடு தங்கைக்கு. ஆளுக்கொரு வீடு. ஊரே அவனை மெச்சியது. இந்தப் பக்கத்தில் கூடப்பிறந்தவளுக்குப் பட்டுச்சேலை ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதுதான் வழக்கம். இவன் முழு வீட்டையே தூக்கிக் கொடுக்கிறானே, மனுசனா தெய்வமா என்றார்கள்.

அங்கேதான் சுடர்விழிக்கு இடித்தது. பொங்கச்சீராக ஐந்நூறு ரூபாய் ஜிபேயில் போட்டுவிட்டு, 'வந்துச்சா, வந்துச்சா' என்று மூன்று முறை போன் செய்த அண்ணன் இவன். அவன் எதற்கு வீடு கொடுக்கிறான்? நேற்று வந்ததிலிருந்து 'தாயி, தாயி' என்று கூப்பிடுகிறான். இந்த வீட்டு அடுப்படிக்குள் எட்டிக்கூடப் பார்க்காத மதினி காலையிலேயே பால் காய்ச்சுகிறாள். இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாளைப் பத்தரை மணிக்குப் பத்திர ஆபீசில் டோக்கன் போட்டாயிற்று. பாசம் இவ்வளவு அவசரப்படுமா?

அவள் அறந்தாங்கியில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒன்பதாயிரம் சம்பளம். பட்டாவும் வில்லங்கச் சான்றுமாக நாளெல்லாம் அடுத்தவர் சொத்துச் சண்டைக்கு நகல் எடுத்துக் கொடுக்கிறவளுக்கு, சொந்தச் சொத்தை விசாரிக்க எவ்வளவு நேரமாகும்? போன வாரம் கூடுவாஞ்சேரி புரோக்கர் ஒருவருக்கு, வீடு வாங்குகிறவள் மாதிரிப் போன் போட்டாள். "வீட்டோட சேத்து ஸ்கொயர் ஃபீட் ஆறாயிரத்தி ஐந்நூறு மேடம். கிளாம்பாக்கத்துல பஸ் ஸ்டாண்டு வந்த பிறகு கொறைச்சு யாரும் பேசறதில்ல" என்றார் அவர். இங்கே ஆயிரத்து இருநூறு சொன்னாலே, சிரித்துக்கொண்டே ஆயிரத்துக்குக் கேட்கிற ஊர்.

ஒரே மனுசன் வியர்வை. ஒரே சிமென்ட், ஒரே அளவு. ஒன்று எண்பது லட்சம், மற்றது இழுத்துப் பிடித்தால் பதினாலு. நடுவே இருக்கிற தூரத்துக்குத்தான் இந்த விலை. அந்தத் தூரத்தை அண்ணன் ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காமல் தின்னப் பார்க்கிறான்.

"என்ன தாயி சொன்ன?" என்றான் வெற்றிசெல்வன், சிரிப்பை விடாமல்.

"மெட்ராஸ் வீடு எனக்கு. இந்த வீடு ஒனக்கு. நீதானண்ணே ரெண்டும் சமம்னு எழுதியிருக்க?"

சூசைராஜ் கொண்டுவந்த வரைவை எடுத்துப் படித்துக் காட்டினாள். 'மேற்படி இரு சொத்துகளும் சம மதிப்புள்ளவை என இரு தரப்பினரும் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்வதாலும், பிற்காலத்தில் ஏற்றத்தாழ்வு பற்றி எவரும் வழக்காட உரிமையில்லை என்பதாலும்...'

"சமம்னா மாத்திக்க வேண்டியதுதான? என்னா நட்டம்?"

"அடியே, அவன் புள்ள அங்கன படிக்கிது" என்றாள் ஆத்தா.

"படிக்கட்டும். வாடகைக்கு விடுறேன். அண்ணன்கிட்ட அட்வான்ஸ்கூட வாங்க மாட்டேன்."

"நல்லாருக்கு! சொந்த வீட்டுக்கு நாங்க வாடகை குடுக்கணுமா?" தட்டை டக்கென்று கீழே வைத்தாள் புவனேஸ்வரி. "டிகிரி முடிச்சா இப்படித்தான் பேசச் சொல்லுவாய்ங்களோ?"

"எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிஞ்சாலே போதும் மதினி. இதுக்கு டிகிரி வேணாம்."

சுடர்விழி பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கும் எங்கப்பாவுக்கும் கெணத்துவயலப் பிரிச்சப்ப எப்படிப் பிரிச்சீக?"

பிச்சைமுத்து முறுக்கை மெதுவாக விழுங்கினார். அந்தக் கதை ஊருக்கே தெரியும். மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். தம்பி எதை எடுப்பானோ என்று பயந்து, அவர் வரப்பைக் கயிறு போட்டு நான்கு நாள் அளந்தார். கிணறு ஒரு பக்கம் போனதால் மறுபக்கத்துக்கு எட்டு தென்னை கூட விட்டார்.

"மூத்தவன் பிரிப்பான், எளையவன் எடுப்பான். அதானத்தா மொறை" என்றார்.

"அண்ணன் பிரிச்சிருச்சு. எளையவ எடுக்குறேன்."

"அது ஆம்பளைகளுக்குள்ள உள்ள மொற, தாயி."

"பத்திரத்துல அப்படி எழுதலையே பெரியப்பா."

சூசைராஜுக்குச் சிரிப்பு வந்து, இருமலாக்கிக்கொண்டார்.

வெற்றிசெல்வனின் சிரிப்பு இப்போது போயிருந்தது. "வெளையாடுறியா? அது என்னா வெல போகுதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுண்ணே. நீயே சொல்லு."

விலையைச் சொன்னால் வரைவில் எழுதிய 'சமம்' பொய்யாகிவிடும்.

"அங்க வெல கூடன்னா செலவும் கூடத்தான். பாலுலேருந்து ஸ்கூல் பீஸ் வரைக்கும் நீயா கட்டுற?" என்று வேறு பக்கமாக வந்தான். "நான் அங்க கெடந்து அல்லாடுறேன். நீ இங்க காலாட்டிக்கிட்டு இருக்க. ஒரு வீட்ட முழுசாத் தாரேன், இன்னமும் என்னா?"

சுடர்விழி வரைவின் முதல் பக்கத்துக்குத் திரும்பியிருந்தாள். காலையிலிருந்து மூன்றாம் பக்கத்து மதிப்பையே முறைத்துக்கொண்டிருந்ததில் முதல் பக்கத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. எழுதிக்கொள்கிறவர்கள் இரண்டே பேர். வெற்றிசெல்வன், சுடர்விழி.

வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தது அவள்தான். அதில் மூன்று பேர்.

"சார், ஆத்தா பேர் எங்க? அவங்களுக்கும் மூணுல ஒரு பங்கு இருக்குல்ல?"

"அவங்கதான் போன மாசமே ரெண்டு வீட்டுலயும் அவங்க பங்க விட்டுக்குடுத்துட்டாங்களே பாப்பா, தம்பி பேருக்கு. கூடுவாஞ்சேரியில ரிஜிஸ்டர் ஆன நகலு இருக்கு" என்று சூசைராஜ் பையைத் துழாவினார். எல்லோருடைய முகத்தையும் பார்த்த பிறகு, துழாவுவதை நிறுத்தினார். "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

போன மாதம் ஆத்தா கண் காட்டப் போகிறேன் என்று சென்னைக்குப் போனாள். நான்கு நாள் கழித்து ஒரு சொட்டு மருந்துகூட இல்லாமல் திரும்பி வந்தாள். கண்ணு எப்படி இருக்கு ஆத்தா என்று கேட்டபோது, நல்லாத்தான் இருக்காம் என்று தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அண்ணனின் சிரிப்பை, மதினியின் காபியை, டோக்கனை, வரைவில் இருந்த கமாவைக்கூடச் சந்தேகப்பட்ட சுடர்விழி, அந்தக் கண்ணை மட்டும் சந்தேகப்படவில்லை.

"எதுக்கு ஆத்தா?"

பொன்னுத்தாய் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "எனக்குக் கொள்ளி போடுறவன் அவன்தானடி. நீ நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ. ஒன்னையும் வெறுங்கையா அனுப்பலையே, ஒரு வீடு வாங்கித் தந்திருக்கேன். இது நான் பேசி வாங்குனது. இல்லாட்டி அதுவும் கெடையாது."

"அப்ப இது அண்ணன் குடுக்குறதும் இல்லயா?"

"பாத்துக்க" என்று எழுந்தான் வெற்றிசெல்வன். "மூணுல ரெண்டு பங்கு எனக்கு. அப்படி இருந்தும் ஒரு முழு வீடு தாரேன். இப்பச் சொல்லு, யாரு யார ஏமாத்துறா?"

"ரெண்டு வீட்டையும் வெல போடுண்ணே. ஆத்தா பங்கையும் நீயே வச்சுக்க. மூணுல ஒண்ணு மட்டும் எனக்கு. அப்பவும் இந்த மாதிரி ரெண்டு வீடு குடுத்தாத்தான் என் பங்கு நேராகும்."

பெரியப்பா மனதுக்குள் கணக்குப் போடுவது அவர் உதட்டில் தெரிந்தது. போட்டு முடித்ததும் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் அவர் பேரனுக்கு மறைமலைநகரில் அண்ணன்தான் வேலை வாங்கிக் கொடுத்திருந்தான்.

"கையெழுத்துப் போடு சுடரு. அண்ணன் தங்கச்சின்னு நாளப்பின்ன முகத்துல முழிக்க வேணாமா?" என்றார் கடைசியாக.

அவள் ஆத்தாவைப் பார்த்தாள். ஆத்தா சுவரைப் பார்த்தாள். முடிவு அந்த நொடியிலேயே ஆகிவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் வெறும் பேச்சு.

வரைவை நான்காக மடித்துத் தோள்பையில் வைத்தாள்.

"அத எங்க கொண்டு போற?" என்றான் அண்ணன்.

"புதுக்கோட்டைக்கு. எங்க மையத்துக்கு வர்ற வக்கீலம்மா ஆபீஸ் அங்க கோர்ட்டுக்கு எதுத்தாப்புல இருக்கு. பாகம் கேட்டுக் கேஸ் போடப் போறேன்."

"கோர்ட்டுப் படி ஏறிட்டு இந்த வாசப்படிய மிதிச்சிராத."

"இந்த வாசப்படியிலயும் மூணுல ஒண்ணு எனக்குண்ணே. அத மிதிச்சுக்கிறேன்."

"சுடரு! சாப்பிட்டாவது போடி!" என்றாள் ஆத்தா. குரல் உடைந்திருந்தது. அது நிஜமாகவும் இருக்கலாம். கண் வலியும் நிஜம் என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

வாசலில் அண்ணன் குடும்பத்துச் செருப்புகளுக்கு அடியில் அவளுடையது கிடந்தது. காலாலேயே விலக்கி மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.