ஏ.வி. இரண்டு

கல்யாணமாகிக் கூட்டேரிப்பட்டுக்கு வந்த நாளிலிருந்து தேவகி அந்த வீட்டு டி.வி. ரிமோட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. உடைந்துபோய்விட்டது என்று கணவன் விருத்தாசலம் சொல்லியிருந்தான். திண்டிவனத்தில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். டி.வி.யின் பக்கவாட்டுப் பட்டன்களும் வேலை செய்யாது. சேனல் மாற்ற செட்டாப் பாக்ஸ் ரிமோட் போதுமாயிருந்தது.

ஒருநாள் காலை கரண்ட் போய் வந்ததும் திரை நீலமாகி, ‘நோ சிக்னல்’ என்று நின்றுவிட்டது. கடைக்கு போன் செய்தாள்.

“நான் வந்து பாக்குறேன். நீ எதையும் தொடாத.”

ஒரு டி.வி.க்கு இத்தனை அதட்டல் எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. ஜங்ஷனில் ரீசார்ஜ் கடை வைத்திருந்த இருதயமேரியிடம் போய்ச் சொன்னாள். மேரி சிரித்தாள்.

“இதுக்கா பேஜாராயிக்கினு நிக்கிற? டி.வி. வேற லைன்ல நிக்குது, அவ்ளோதான். இந்த யுனிவர்சல் ரிமோட்ட எடுத்துக்கினு போ. செட் பட்டனை செவப்பு லைட்டு எரியற வரைக்கும் அமுக்கு. அப்புறம் டி.வி. பக்கம் காட்டி பவர் பட்டனை அமுக்கிக்கினே இரு. எந்தக் கம்பெனின்னு அதுவே தேடும். டி.வி. அணைஞ்சதும் கைய எடுத்துடு.”

“படம் வந்துடுமாக்கா?”

“திரும்பப் போட்டு ஏ.வி. பட்டனைத் தட்டிக்கினே போ. பாக்ஸ் எந்த லைன்ல கீதோ அதுல படம் வரும்.”

வீட்டுக்கு வந்து அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து மேரி சொன்னபடியே செய்தாள். கட்டைவிரல் வலியெடுத்த நேரத்தில் டி.வி. பட்டென்று அணைந்தது. அவளுக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. மறுபடி போட்டு ஏ.வி.யைத் தட்டினாள். சீரியல் ஒரு கணம் மின்னியது. அதற்குள் விரல் இன்னொரு தடவை தட்டிவிட்டது.

ஏ.வி. இரண்டு. நிறமில்லாத, ஓசையில்லாத படம். மேலிருந்து பார்த்த ஒரு சமையலறை. யார் வீடோ என்று நினைத்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதே நேரம் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அண்ணாந்து பார்த்தாள். பரணுக்கு மேலே, எலி வராமலிருக்க என்று விருத்தாசலம் மாட்டிய வெள்ளைப் பெட்டி. அதன் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு.

‘மத்தியானம் சோறு துன்னாம போன்ல யார்கூட அழுதுக்கினு இருந்த?’ என்று முன்பொரு நாள் அவன் கேட்டிருந்தான். பக்கத்து வீட்டு அம்சவள்ளிதான் கோள் சொல்லியிருக்க வேண்டும் என்று அவளோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள். பாவம் அம்சவள்ளி. அந்தப் பெட்டிதான் பகலெல்லாம் பதிந்து வைத்து அவனுக்குக் காட்டியிருக்கிறது.

கூடத்துக்கு வந்தாள். திரையில் சமையலறையின் பின்கதவு திறந்தது. விருத்தாசலம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். வழிந்து கிடந்த பாலைப் பார்த்தான். பிறகு முகத்தை உயர்த்தி நேராக அவளைப் பார்த்தான்.

ஏ.வி.யை மாற்றி மாற்றித் தட்டினாள். சீரியல் வந்து நின்றபோது அவன் சமையலறை வாசற்படியில் நின்றிருந்தான்.

“ரிமோட் ஏது?”

“மேரியக்கா கடையில வாங்கினேங்க.”

அவன் கோபப்படவில்லை. ரிமோட்டை வாங்கி ஒரே தட்டில் சமையலறையைத் திரைக்குக் கொண்டுவந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“உன் பாதுகாப்புக்குத்தான் வச்சேன். போ, போய் அடுப்பத் தொடை. நான் இங்கதான் இருக்கேன்.”

துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தாள். முதுகில் அந்தப் பொட்டு குத்தியது. இனி ஒவ்வொரு நாளும் இப்படித்தான், அவன் பார்ப்பான், பார்ப்பது அவளுக்கும் தெரியும் என்று நினைத்தாள். துணியை அப்படியே போட்டாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்கதவைத் திறந்து வெளியே நடந்தாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் ஓடவில்லை, ஓடினால் விழுந்துவிடுவோம் என்று பயந்தாள். மேரி கடைக்குள் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. மேரி கடையைச் சாத்திவிட்டு, வானூரில் இருக்கும் தேவகியின் அண்ணன் பார்த்திபன் வீடுவரைக்கும் கூடவே வந்தாள்.

இரண்டு தடவை பெரியவர்கள் சமாதானம் பேச வந்தார்கள். ‘பொண்டாட்டிய பாத்துக்கிறது ஒரு தப்பா?’ என்று கேட்டார்கள். தேவகி போகவில்லை. பார்த்திபனும் அவளை விடவில்லை. வானூரிலேயே ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

தை பிறந்ததும் ஒருநாள் பார்த்திபன் சோற்றில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“என்னண்ணா?”

“உன் தையல் கடைக்கு எதிர்ல புதுசா ஒரு எலெக்ட்ரிகல் கடை வருது. போர்டு மாட்டிக்கினு இருக்கான். அவன்தான்.”