அண்ணாச்சி முகத்துக்குக் கீழே

நான் இருபத்திரண்டு வருஷமாக உடற்கல்வி ஆசிரியை. கபடி தெரியும், கோகோ தெரியும், எறிபந்துக்கு மாநில அளவில் விசில் ஊதியிருக்கிறேன். நீச்சல் மட்டும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, எங்கள் வட்டாரத்தின் முதல் கயாக் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்தக் கதைதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் குற்றாலத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். லோகநாயகி டீச்சருக்கு வேறென்ன வேலை என்று நினைத்திருப்பார்கள்.

கயாக் என்றால் ஓர் ஆள் மட்டும் உட்காரும் பிளாஸ்டிக் படகு. காலை உள்ளே நீட்டி உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் பாவாடையை இழுத்துப் படகின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கையில் இரண்டு முனையிலும் மட்டை வைத்த ஒரு துடுப்பு. பாறையும் நுரையுமாக ஓடுகிற ஆற்றில் இதை வைத்துக்கொண்டு மேலேயிருந்து கீழே வந்து சேர வேண்டும். இதை ஒரு வித்தை என்கிறார்கள். தேங்காய் நெற்றுகூடத்தான் வந்து சேர்கிறது, அதற்கு யாரும் கோப்பை கொடுப்பதில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலவர் மணிமுத்து அண்ணாச்சி. கல்யாண மண்டபமும் அரிசி ஆலையும் வைத்திருக்கிறார். தண்ணீரைக் கண்டால் கால் நனைக்கக்கூட யோசிக்கிறவர். மகன் சுடலைராஜுக்குப் பதினேழு வயது, படிப்பு ஏறவில்லை. கிரிக்கெட்டில் ஆயிரம் பேர், கபடியில் ஐந்நூறு பேர் போட்டிக்கு நிற்கிறார்கள். கயாக்கில் ஒருத்தனும் கிடையாது என்று யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள். உடனே துடுப்பு விளையாட்டுக் கழகம் ஒன்றைத் தொடங்கி, தலைவரும் ஆகிவிட்டார்.

அனுமதி வாங்கிய கதை அதற்கு மேலே. அருவியில் குளிக்கத் தடை போட்டிருக்கும் நாளில் போட்டி நடத்தக் கூடாது என்பது நிபந்தனை. குற்றாலத்தில் தண்ணீர் புரண்டு வந்தால் தடை போடுவார்கள். தண்ணீர் வற்றினால் தடையை எடுப்பார்கள். ஆகவே, ஆற்றில் படகு விடத் தண்ணீர் இருக்கிற நாளில் விடக் கூடாது, விடலாம் என்கிற நாளில் தண்ணீர் இருக்காது. இதை எழுதியவரும் கையெழுத்துப் போட்டவரும் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவரும் ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார்களா? எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

போட்டியாளர்கள் மூன்றே பேர். தென்காசிப் பையன் சமீர், சுடலைராஜ், புளியறையிலிருந்து வந்த ஜெபமலர். ஆண், பெண் என்று பிரிக்க ஆளில்லாததால் மூன்று பேரும் ஒரே பிரிவு. முதலில் வருகிற ஒரே ஒரு பெயர் மாநிலத் தேர்வுக்குப் போகும். பதினெட்டு வயதுக்குள் இருக்க வேண்டும்.

ஜெபமலருக்கு அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறது. அம்மா செக்போஸ்ட் பக்கம் லாரிக்காரர்களுக்குப் புரோட்டா போடுகிறாள். இந்தப் பெண் இரண்டு கோடை விடுமுறை கேரளாவில் ஒரு படகு முகாமில் பாத்திரம் கழுவப் போய், அங்கேயே துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொண்டாளாம். மாநில அணிக்குள் போய்விட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. இல்லாவிட்டால் புரோட்டாக் கல். அவளே சொன்னாள், நான் கேட்கவில்லை. "இது ஒண்ணுதான் டீச்சர் எனக்கு இருக்கு" என்றாள். எல்லாப் பிள்ளையும் இதைத்தான் சொல்லும். முகாமில் இரவல் வாங்கிய ஒட்டுப்போட்ட மஞ்சள் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் அரசுப் பேருந்தில் ஏறி வந்ததாகக் கேள்விப்பட்டதும், கண்டக்டரை நினைத்துத்தான் எனக்குப் பாவமாக இருந்தது.

போட்டிப் பாதை, குற்றாலத்துக்குக் கீழே ஒரு பாலத்தடியில் தொடங்கி, மேலகரத்துக்கு முன்னால் உள்ள படித்துறையில் முடிந்தது. முடிவுக்கோட்டில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். கையில் ஸ்டாப்வாட்ச், மடியில் தாள்கள்.

எனக்கு முப்பது அடி தள்ளி, தண்ணீர் வருகிற பக்கம், ஆற்றுக்குக் குறுக்கே, இந்தக் கரைத் தென்னைக்கும் அந்தக் கரைப் பூவரசுக்கும் நடுவில் ஒரு ஃபிளக்ஸ் கட்டியிருந்தார்கள். இருபது அடி அகலம். நடுவில் மணிமுத்து அண்ணாச்சி இரண்டு கையையும் கூப்பி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்கும் அவருடைய சட்டைப் பொத்தானுக்கும் மூன்றடிதான் இடைவெளி. முகமும் படகும் ஒரே போட்டோவில் விழ வேண்டுமாம். அதற்காகப் போட்டியாளர்கள் குனிந்துதான் வர வேண்டும்.

ஜெபமலர் அதைப் பார்த்தவுடன் அண்ணாச்சியிடம் போனாள்.

"அண்ணாச்சி, அத அவுத்துருங்க. தண்ணி ஏறிச்சின்னா பை மாதிரி புடிச்சுக்கிடும். ஆளு உள்ள மாட்டுனா வெளிய வர முடியாது."

"ஏட்டி, தண்ணி எங்கன இருக்கு ஏறுததுக்கு? பாறையெல்லாம் பல்லக் காட்டிக்கிட்டுல்லா கிடக்கு" என்றார் அண்ணாச்சி. கூட நின்றவர்கள் சிரித்தார்கள். "கேரளாக்காரி வந்து நமக்குப் பாடம் சொல்லித் தாரா."

அவள் என்னிடம் வந்தாள். "டீச்சர், நீங்க சொன்னா கேப்பாங்க."

என் மடியில் ஒரு படிவம் இருந்தது. 'பாதையைப் பார்வையிட்டேன். தடையேதும் இல்லை. பாதுகாப்பானது.' நடுவர் கையெழுத்து. அது இல்லாமல் போட்டி தொடங்கக் கூடாது. நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை, ஹெல்மெட்டில் செல்லோ டேப். எல்லாம் தெரிந்தவள் மாதிரி ஒரு முகம். அந்த முகத்தைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. "உன் வேலையப் பாரு ஏட்டி" என்று சொல்லிவிட்டு அவள் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன்.

சமீர் முதலில் வந்தான். வந்தான் என்றா சொல்வது? பாறையில் உரசி, இரண்டு இடத்தில் இறங்கிப் படகைக் கயிற்றால் இழுத்து, கன்றுக்குட்டியைக் கூட்டி வருகிறவன் மாதிரி வந்து சேர்ந்தான். பதினொரு நிமிஷம் நாற்பது விநாடி. ஃபிளக்ஸுக்கு அடியில் நிதானமாகக் குனிந்து, போட்டோவுக்குச் சிரிக்கவும் செய்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

சமீர் படகைக் கரையேற்றிக்கொண்டிருக்கும்போதே மேலே மலை கறுத்துக் கிடந்தது. சாரல் எங்கள் பக்கம் பூத்தூவலாகத்தான் விழுந்தது. ஆனால் தண்ணீரின் நிறம் மாறிவிட்டது, பால் விடாத கட்டஞ்சாயா மாதிரி. சருகும் குச்சியும் மிதந்து வந்தன. படித்துறையில் சற்றுமுன் நனையாமல் இருந்த படி நனைந்திருந்தது. ஃபிளக்ஸின் கீழ் விளிம்பு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஆடியது. இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

செல்போன் அடித்தது. தொடக்கத்தில் நின்றவர் கேட்டார். "டீச்சர், அடுத்தாளு ரெடி. ரெண்டு நிமிசம் கழிச்சு அந்தப் பிள்ளை. விடட்டுமா?"

இப்போதாவது ஆறு மாதிரி இருக்கிறது, வரட்டும், வீரத்தைப் பார்க்கலாம் என்றுதான் நான் நினைத்தேன். "விடுங்க" என்றேன்.

சுடலைராஜ் வளைவில் தென்பட்டபோதே படகு அவன் பேச்சைக் கேட்கவில்லை. அப்பா வாங்கிக் கொடுத்த புதுச் சிவப்புப் படகு, வழவழவென்று, குறுக்காகத் திரும்பிக்கொண்டே வந்தது. அதற்குள் ஃபிளக்ஸ் பாதி தண்ணீருக்குள் இறங்கி, உப்பி, சாக்கு மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அவன் நேராக அதற்குள் போனான். படகு பக்கவாட்டில் அறைந்து கவிழ்ந்தது. சிவப்பு அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. அண்ணாச்சியின் கூப்பிய கைகளுக்குள் மகன் தலைகீழாக மாட்டிக்கொண்டான்.

நான் விசில் ஊதினேன். எனக்குத் தெரிந்தது அதுதான். கரையில் நின்ற இருபது ஆம்பிளைகளும் கத்தினார்கள். ஒருத்தரும் இறங்கவில்லை. இவர்கள்தான் சற்றுமுன் சிரித்தவர்கள். அண்ணாச்சி, "ஏலே! ஏலே, யாராவது போங்கலே!" என்று வேட்டி அவிழ்வது தெரியாமல் ஓடினார். தண்ணீருக்குள் இறங்கி முழங்கால் வரை போனவரை நான்கு பேர் பிடித்து இழுத்தார்கள்.

அப்போது மஞ்சள் படகு வளைவில் வந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் வந்த வேகத்தை நான் அதற்கு முன் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. பாறைக்கும் பாறைக்கும் நடுவில் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தேன். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. பூவரசு ஓரமாக ஒரு படகு நுழைய இடைவெளி இருந்தது. அதில் புகுந்து இரண்டு துடுப்புப் போட்டால் முடிவுக்கோடு, அதற்கப்புறம் மாநிலம், கல்லூரி எல்லாம்.

அவள் படகை அந்த இடைவெளிக்குக் கொண்டுபோகவில்லை. பூவரசுக்குச் சற்று முன்னால் இருந்த பாறையில் முட்டி நிறுத்தி, ரப்பர் பாவாடையைப் பிடுங்கிவிட்டு வெளியே பாய்ந்தாள். மார்பளவு தண்ணீரில் ஃபிளக்ஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து, லைஃப் ஜாக்கெட்டிலிருந்து கத்தியை உருவி, அண்ணாச்சியின் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரே கிழியாகக் கிழித்தாள். தண்ணீர் அந்தக் கிழிசல் வழியாகப் பீறிட்டது. சிவப்புப் படகும் சுடலைராஜும் தனித்தனியாக வெளியே வந்தார்கள். படித்துறையில் அவனைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். இருமினான், வாந்தியெடுத்தான், அழுதான்.

பாறையில் விட்ட மஞ்சள் படகைத் தண்ணீர் தூக்கிவிட்டது. ஆளில்லாமல் அது என் முன்னால் கோட்டைக் கடந்து மேலகரத்தைப் பார்த்துப் போனது.

கால் மணி நேரத்தில் போலீஸ் வந்தது. அருவியில் தடை, ஆற்றிலும் யாரும் இறங்கக் கூடாது. மாநிலத்துக்குப் பெயர் அனுப்ப அன்று மாலைதான் கெடு.

மணிமுத்து அண்ணாச்சி என் நாற்காலிக்கு வந்தார். வேட்டியில் சேறு, கண் சிவந்திருந்தது. மகனுக்குச் சாதகமாக எழுதச் சொல்லப் போகிறார், நன்றாக நாலு வாங்கு வாங்கலாம் என்று நான் நாக்கைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், அந்தப் பிள்ளை பேர எழுதுங்க" என்றார். "பேனர் கட்டுனது நாந்தான். அவ அவுக்கச் சொன்னா, நான் கேக்கல. இதையும் எழுதுங்க. எவன் கேட்டாலும் எம்பேரச் சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடுதேன்."

துண்டைப் போர்த்திக்கொண்டு சுடலைராஜும் பின்னால் நின்றான். "நான் பாதி வழியிலயே ஒண்ணுமில்லாமப் போயிட்டேன் டீச்சர். அவளத்தான் அனுப்பணும்." சமீரும் தலையை ஆட்டினான். அவனுக்குத்தான் நஷ்டம், அவனும் ஆட்டினான்.

பேனர் இருந்தது என்று எழுதலாம். அண்ணாச்சி கட்டினார் என்று எழுதலாம். அப்புறம், 'தடையேதும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டது யார் என்ற கேள்வி வரும். தண்ணீர் கலங்கிய பிறகு 'விடுங்க' என்று சொன்னது யார் என்றும் வரும். ஆகஸ்டில் எனக்குப் பதவி உயர்வு.

"கோட்டைத் தாண்டாதவங்களுக்கு நேரம் போட முடியாது அண்ணாச்சி" என்றேன். "முடிச்சது ஒரே ஆளு. சமீர்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ தெரியாது. மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு ஜெபமலர் வந்தாள். ஓடிப்போன படகைத் தேடிப் பிடித்துத் தோளில் வைத்திருந்தாள். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"டீச்சர், கேரளாவுல சார் ஒரு விதி சொல்லித் தந்தாரு. கூடப் போட்டி போடுத ஆளு ஆபத்துல கிடந்தா, நின்னு காப்பாத்தணுமாம். காப்பாத்தாமப் போனா ஆயுசுக்கும் விளையாட முடியாதாம். காப்பாத்தி நேரம் போயிட்டுன்னா, நடுவரு எழுதிக் குடுத்தா கெடு தாண்டியும் இன்னொரு நாள் ஓட விடலாமாம். நம்ம விதிப் புத்தகத்துல அது உண்டுமா டீச்சர்?"

புத்தகம் என் கைப்பையில் இருந்தது. முப்பத்தொன்றாம் பக்கம், மேலிருந்து இரண்டாவது பத்தி. முந்தின நாள் நான் படித்திருந்தேன்.

"அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

சண்டை போடுவாள், புத்தகத்தைக் காட்டுங்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் வைத்திருந்தேன்.

"செரி டீச்சர்" என்றாள். "அங்கன சார் தப்பாச் சொல்லித் தந்துட்டாரு போல. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

படகை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அவள் என்னை நம்பிவிட்டாள். முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.