கீழிருந்து மேலே படிக்கிறவள்

எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது என் பழக்கம். காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. முன்பக்கம் முழுக்கப் புலம்பலாக இருக்கும்; ரசீதும் கையெழுத்தும் கடைசியில்தான். அங்கே அவை இல்லையென்றால் முன்னால் எழுதியது எல்லாம் வீண். பத்தொன்பது வருடமாக இப்படித்தான். "நீ துப்பறியும் கதையைக்கூடக் கொலைகாரன்ல இருந்து ஆரம்பிக்கிற ஆளு" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

மாலை நேரங்களில் இணையக் கலைக்களஞ்சியத்துக்குப் புதிதாக எழுத வருகிறவர்களின் வரைவுகளைப் பார்த்துத் திருத்தம் சொல்வேன். சம்பளம் கிடையாது, அதிகாரம் உண்டு. பொய் சொல்வானேன், அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது. அங்கேயும் பக்கம் திறந்ததும் நேராக அடியில் இருக்கும் சான்றுப் பட்டியலுக்குப் போய்விடுவேன். அது சரியில்லையா, நிராகரிப்பு. வரைவின் தலையில் ஒரு சிவப்புப் பட்டை விழும், அதில் என் பெயரோடு.

ஒரு பேருந்து ஓட்டுநர் தன் அக்காவைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தார். சான்றுப் பட்டியலே இல்லாததால் அந்த முதல் வரைவை மட்டும் முழுக்கப் படித்தேன். அக்கா குடிநீர் வாரியத்தில் இருந்தவர். ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, பூமிக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பவர். முப்பது வருடம் தெருத்தெருவாக நடந்து, நகரத்துக் குழாய்கள் அத்தனைக்கும் வரைபடம் போட்டவர். நடுநடுவே 'தங்கமான மனசு', 'இன்னொருத்தர் பிறந்து வரணும்' என்றெல்லாம் தம்பி அள்ளி விட்டிருந்தார்.

புகழ்ச்சியை எடுங்கள் என்று எழுதினேன். எந்த ஆண்டு, என்ன பொறுப்பு, என்ன செய்தார் என்பது மட்டும் போதும். ஒவ்வொன்றுக்கும் வெளியாள் யாராவது அச்சில் எழுதியதைக் காட்டுங்கள். தம்பி சொல்வது சான்றாகாது. இதில் ஒரு சொல்கூடத் தவறில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டாவது முறை பட்டியல் இருந்தது. 'என் அக்கா சொன்னது. நான் கண்ணால் பார்த்தது.' கணவரிடம் படித்துக் காட்டிச் சிரித்தேன். சிவப்புப் பட்டை.

மூன்றாவது முறை வாரியத்தின் ஆண்டறிக்கையைப் பக்க எண்ணோடு கொடுத்திருந்தார். ஒரு செய்தித்தாள் கட்டுரையும் இருந்தது, தேதிதான் இல்லை. நூலகத்தின் இணையதளத்தில் தேடியிருந்தால் பத்து நிமிடத்தில் எனக்கே கிடைத்திருக்கும். கற்றுக்கொள்ளட்டும் என்று கறாராக இருந்துவிட்டேன். மறுபடியும் சிவப்பு.

ஐந்து வாரம் கழித்து நான்காவது வரைவு வந்தது. அடியில் மூன்று சான்றுகள். தேதி, பக்க எண் எல்லாம் கச்சிதம். மூன்றாவது சான்று, ஒரு செய்தியாளர் அந்த அக்காவைப் பற்றி அரைப் பக்கத்துக்கு எழுதியது. "இதைத்தானே கேட்டேன்" என்று வாய்விட்டே சொல்லி, ஏற்புப் பொத்தானை அழுத்தினேன். அப்புறம்தான் மேலே போனேன்.

பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டு, ஒரு கோடு, இந்த ஆண்டு.

அந்த அரைப் பக்கம் இரங்கல் குறிப்பு. நான் கேட்ட வெளியாள், நான் கேட்ட அச்சு, நான் கேட்ட தேதி.

பழைய வரைவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பதில் எழுதுவதற்கு என்று தனியாக உரையாடல் பக்கம் இருக்கிறது. அதை அவருக்கு நான் சொல்லவே இல்லை. பாவம், சிவப்புப் பட்டைக்குக் கீழே, வரைவின் முதல் வரியாகவே எனக்குப் பதில் எழுதி வைத்திருந்தார்.

இரண்டாவது வரைவில்: "வணக்கங்க. புகழ்ச்சி எல்லாம் எடுத்துட்டேன். கொஞ்சம் சீக்கிரம் பாருங்க, அக்கா ஆஸ்பத்திரியில இருக்காங்க."

மூன்றாவதில்: "பேப்பர் தேதி மட்டும் கிடைக்கலங்க. நூலகம் திறந்திருக்கிற நேரத்துல நான் வண்டியில இருக்கேன். நாலு வரி வந்தாக்கூடப் போதும், மிச்சத்தை அப்புறம் சேக்குறேன். டாக்டர் நாள் கணக்குதான் சொல்றாரு. தினமும் சாயங்காலம் 'வந்துடுச்சாடா'ன்னு கேக்குறாங்க."

கணவரிடம் காட்டினேன். இந்த முறை அவர் கிண்டல் செய்யவில்லை. "அவருக்கு எழுது" என்றார்.

எழுதினேன். மேலே எழுதியதை நான் பார்க்கவே இல்லை, மன்னித்துவிடுங்கள் என்று. என் பழக்கத்தைப் பற்றிச் சப்பைக்கட்டு கட்ட ஆரம்பித்து, வெட்கமாகி அழித்துவிட்டேன். மறுநாள் மதியம் பதில் வந்தது.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க, எங்க எழுதணும்னு தெரியாம எழுதினது நான்தானே. நீங்க சொல்லிக் குடுத்ததாலதான் இவ்வளவு நல்லா வந்திருக்கு. ஒண்ணுதான் உறுத்துது. கடைசி வாரம் மறுபடி கேட்டாங்க. 'வந்துடுச்சுக்கா'ன்னு பொய் சொல்லி, உங்களுக்கு எழுதின வரியை அழிச்சுட்டு, போன்ல வரைவைக் காட்டினேன். சிவப்புப் பட்டையைக் கட்டைவிரலால மறைச்சுக்கிட்டேன். ஆற அமர முழுசும் படிச்சாங்க. படிச்சுட்டு, 'எல்லாம் சரியா இருக்குடா. விரலை எடு, மேல என்ன போட்டிருக்கு'ன்னு கேட்டாங்க."

விரலை எடுத்தாரா என்று அவர் எழுதவில்லை. கேட்க எனக்கு வாயில்லை. எடுத்திருந்தால் அந்த அம்மா கடைசியாகப் படித்தது என் பெயரை.