ஊருக்கு முக்காடு கிடையாது

ஜஸ்லாவைப் போல் படமெடுக்க மாத்தளையில் ஆளில்லை என்று ஊரில் பாதிப்பேர் சொல்வார்கள். அந்தப் பாதி, பெண்கள். மற்றப் பாதி அவள் எடுத்த ஒரு படத்தையும் கண்டதில்லை. கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்கு அவள்தான் கமெரா. மணமகளின் படங்கள் அல்பத்துக்குள் போகும், அல்பம் அலுமாரிக்குள் போகும், அலுமாரியைப் பூட்டிவிடுவார்கள். பலாபத்வலையிலிருந்து நாவுல வரைக்கும் எத்தனை மணமகள்கள்! ஒருத்தியையாவது பேஸ்புக்கில் போட முடியுமா? போட்டால் மறுநாளே கமெராவைக் கட்டிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போக வேண்டியதுதான்.

அப்படிப்பட்டவள் இப்போது சொந்தமாக ஒரு ஸ்டூடியோ திறக்கப் போகிறாள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு திறப்பு. வாசல் கண்ணாடிக்குப் பின்னால் பெரிய படச்சட்டம் ஒன்று வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. படமெடுக்கிறவள் கடையில் படமில்லையென்றால் யார் உள்ளே வருவார்கள்? அதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுது முடித்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஊரையே எடுத்தால் என்ன? ஊருக்கு முக்காடு கிடையாது. ஊருடைய வாப்பா வந்து சண்டை பிடிக்கப் போவதுமில்லை.

வாரம் முழுக்க மழை. புதன்கிழமை பின்னேரம்தான் வானம் வெளித்தது. அன்றைக்கே படத்தை அச்சுக்கு அனுப்பாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குக் கிடைக்காது. கமெராவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவளுக்குப் பின்னால் மாமி நூருன்னிஸாவும் புறப்பட்டார். ஆற்றோரத்துக்கு மருமகளைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிற மாமியா அவர்!

படம் விஷயத்தில் மாமி ஒரு கோட்டைச் சுவர். தன் முகம் இருக்கும் ஒரே படம் அடையாள அட்டையில்தான் என்பது அவருடைய பெருமை. மகன் ரிஸ்வி ஜஸ்லாவைக் கட்டிய கல்யாண அல்பத்திலேயே மாமியின் முழங்கைதான் விழுந்திருக்கிறது.

சுது கங்கை வளைகிற இடத்தில், ஊர் மேற்கே தெரியும்படி ஜஸ்லா கமெராவை நிறுத்தினாள். பள்ளிவாசல் மினாரா, அம்மன் கோயில் கோபுரம், நடுவே வங்கிக் கட்டடம், அதற்குப் பின்னால் மலை. எடுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தும் உப்பில்லாத கறிபோல் இருந்தது. அவள் காத்திருந்தாள். மெல்ல மெல்ல வானம் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, ஆறும் அதே நிறத்துக்கு மாறியது. இதுதான், இந்த நிமிஷம்தான் என்று ஜஸ்லா விரலை வைத்தாள்.

பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கான பாங்கு கேட்டது. தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி வுளூ செய்வதற்காக மாமி விறுவிறுவென்று ஆற்றில் இறங்கி, படத்துக்கு நட்டநடுவே நின்றார்.

பாங்கு சொல்லும் நேரம், வுளூ செய்துகொண்டிருக்கும் மனுசியிடம் "மாமி, கொஞ்சம் தள்ளுங்க" என்று எந்த மருமகள் சொல்வாள்? மாமி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்துக்குக் கொண்டுபோனார். விரல் தானாக அழுத்திவிட்டது. மாமி கால் கழுவிக் கரையேறியபோது வானம் சாம்பல் பூத்துவிட்டது.

மாமி கரையிலேயே தொழுது முடித்தார். திரும்பும்போது திரீவீலரில் ஜஸ்லா படத்தை ஒருமுறை பார்த்தாள். தன் வாழ்நாளிலேயே நல்ல படம் மடியில் இருக்கிறது. ஆனால், பூனைக்கு யார் மணி கட்டுவது? கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கமெராவை நீட்டினாள்.

"மாமி, நீங்க நடுவுல வந்துட்டீங்க."

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இந்தக் கறுப்பா நிக்கிறது நானா?"

"ஓம் மாமி. வெளிச்சத்துக்கு எதிர எடுத்தா அப்படித்தான் வரும்."

"மொகம் எங்க?"

"தெரியாது மாமி."

"கண்ணு, மூக்கு?"

"ஒண்ணுமே தெரியாது."

மாமி கமெராவைத் திருப்பித் தரவில்லை. மணிக்கூட்டுக் கோபுரம் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "யாருன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு" என்றார். ஜஸ்லாவுக்கு அவரைக் கட்டிப்பிடித்து முத்தமிட வேண்டும்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை படம் தொங்கியது. தெருவில் போன சனமெல்லாம் நின்று பார்த்தது. ஒத்தாசைக்கு என்று சொல்லிக்கொண்டு மாமியும் கடையில் ஒரு கதிரையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார். மாவட்ட அலுவலகமான கச்சேரியில் வேலை செய்யும் யாழ்ப்பாணப் பெண் நிலக்ஷி, பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவள், வந்த வேலையை மறந்து நின்றாள்.

"ஆர் இந்த அம்மா? நல்ல வடிவா நிக்கிறா."

"தெரியாத பொம்பள, மகள்," என்று மாமி முந்திக்கொண்டார். "ஆத்துக்கு வந்த யாரோ." கொஞ்சம் பொறுத்து முக்காட்டைச் சரிசெய்தபடி கேட்டார். "வடிவாவா நிக்கிறா?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மாமியின் புளுகு அதற்குக்கூடத் தாங்கவில்லை. திங்கட்கிழமை பின்னேரம் வானம் பளிச்சென்று இருந்தது. ஜஸ்லா கடையைப் பூட்டும்போது மாமி புது அபாயா உடுத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஆத்துப் பக்கம் போகல்லையா, புள்ள? எனக்கு வுளூ செய்யணும்."

"வீட்ல பைப் இருக்கே, மாமி?"

"அது வேற தண்ணி. நீ கமெராவ எடு."