மூன்று மாதங்களுக்குப் பிறகு

காலையிலிருந்து ஆவுடையம்மாள் பெண்டாட்டியை அடித்த நான்கு புருஷன்மார்களை மனுவில் ஏற்றிவிட்டாள். சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் பதினேழு வருஷமாக மனு டைப் செய்கிறவளுக்கு இதிலெல்லாம் மனசு வலிப்பது நின்று வெகுகாலம் ஆகிறது. இடுப்பு மட்டும் வலிக்கும்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அதே விரல்கள் செல்போனில் வேறொருத்தனை எழுதும். கதை படிக்கிற செயலி ஒன்றில் 'மென்பனி' என்ற புனைபெயரில் அவள் தொடர்கதை எழுதிவந்தாள். கல்யாணமே வேண்டாமென்று நாற்பத்துமூன்று வயதுவரை இருந்துவிட்டவள் ஊருக்கெல்லாம் காதல் எழுதிக் கொடுக்கிறாள் என்றால் சிரிப்புத்தான் வரும். அவளுக்கே வரும்.

முதலில் ஒரு நல்லவனைத்தான் எழுதினாள். அவன் பெண்டாட்டிக்கு வெண்டைக்காய் நறுக்கிக் கொடுத்தான். கோபம் வந்தால் தெருவில் ஒரு நடை போய்விட்டு வந்தான். நாற்பத்தொரு பேர் படித்தார்கள். "சப்புன்னு இருக்கு சிஸ், ஆன்ட்டி ஹீரோ எழுதுங்க" என்று ஒருத்தி யோசனை சொன்னாள். ஒரு காலத்துத் தொடர்கதைகளில் பெண்ணை அறைகிறவன் வில்லன். கடைசி வாரம் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும். இப்போது அவனுக்குத்தான் கதாநாயகியே. சரி, நமக்கென்ன என்று வஜ்ரனைப் படைத்தாள். மூன்றாம் அத்தியாயத்தில் வஜ்ரன் நிவேதிதாவை அறைந்தான். அன்றைக்கே நாலாயிரம் பேர் வந்துவிட்டார்கள். மனு எழுதினால் ஒருத்தரும் 'அருமை' என்று சொல்வதில்லை. இங்கே இதயமாகக் குவிந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

மென்பனி யார் என்பது தங்கை மாரிசெல்வி வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். அவள் சிவகிரியில் கோமதிசங்கருக்கு வாழ்க்கைப்பட்டவள். நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயத்தில் ஒன்றுவிடாமல் படித்தவள். அவள் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இடது காதோரம் வீங்கிய முகத்தோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இது மூன்றாவது தடவை. மகளிர் காவல் நிலையத்துக்கு மனு கொடுத்துவிடலாம் என்று ஆவுடையம்மாள் அன்றைக்கே சொன்னாள். "பொறு யக்கா, பாப்போம்" என்றாள் தங்கை. போன தடவையும் அதையேதான் சொன்னாள். அடுத்த தடவை பஸ்ஸில் வராமல் ஆம்புலன்ஸில் வருவாளோ என்று ஆவுடையம்மாளுக்குப் பயமாக இருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையில் ஆளில்லை. மாரிசெல்வி துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ரெண்டேகாலுக்கு சிவகிரி பஸ் இருக்கு. போயிட்டு வாரேன் யக்கா."

"கூப்பிட்டானாக்கும்?"

"கூப்பிட்டாவ. 'ஒங்க அக்கா எழுதுன வஜ்ரன் அறையலையா? அவன் படத்தப் போட்டு நீதானட்டி ஸ்டேட்டஸ் வச்சே'ன்னு கேட்டாவ. பொறவு, 'அவன் திருந்தலையா, நானும் திருந்துவேன், வா'ன்னாவ."

ஆவுடையம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கோமதிசங்கர் வாயில் வஜ்ரன் பெயரா?

"ஏட்டி, அது கதைட்டி."

"கதைதான். அதுல ஒண்ணு ஒங்கிட்டக் கேட்டுட்டுப் போவோம்னுதான் வந்தேன்." மாரிசெல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "தொண்ணூறாவதுல நிவேதிதா வீட்ட விட்டுப் போயிருதா. தொண்ணூத்தி ஒண்ணு எடுத்ததுமே 'மூன்று மாதங்களுக்குப் பிறகு'ன்னு போட்டிருக்க. அங்கன பாத்தா வஜ்ரன் திருந்திட்டான், வாசல்ல நின்னு அழுதான். நடுவுல அந்த மூணு மாசம் என்ன நடந்துச்சு? யாரு போயி அவன்ட்ட என்ன சொன்னா? நாலஞ்சு தடவ படிச்சுட்டேன், பிடிபடல. சொல்லு யக்கா. நான் போயி அப்படியே செய்யுதேன்."

கேலி இல்லை. மருந்துக்கடையில் சீட்டை நீட்டி, எத்தனை வேளை சாப்பிடணும் என்று கேட்பவள்போலக் கேட்டாள்.

ஏதாவது சொல்லிவிடலாம். அவன் அம்மா புத்தி சொன்னாள், ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று ஐந்து நிமிஷத்தில் கட்டிவிடுகிற கைதான் அது. ஆனால் நடந்தது வேறு. அது பட்டா மனுக்கள் குவிந்த வாரம். சீக்கிரம் சேர்த்துவையுங்கள் என்று வாசகர்கள் நச்சரித்தார்கள். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. அப்படிப்பட்டவன் எதனால் திருந்துவான் என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. பதினேழு வருஷ மனுக்களில் திருந்திய ஒருத்தனைக்கூட அவள் பார்த்ததில்லை. அலுப்பு வேறு. மூன்று வார்த்தையைப் போட்டுத் தாண்டிவிட்டாள்.

"ஒண்ணும் நடக்கல" என்றாள்.

"என்னது?"

"அந்த மூணு மாசத்துல ஒண்ணும் நடக்கல செல்வி. அவன் எப்படித் திருந்துவான்னு எனக்குத் தெரியல. அதான் விட்டுட்டேன்."

"தெரியாமலா திருந்திட்டான்னு எழுதுன?"

"ஆமா."

"அத நம்பி இத்தன பேரு படிச்சோமே."

"தப்புத்தாம்ட்டி."

மாரிசெல்வி அக்காவையே பார்த்தாள். அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட ஆவுடையம்மாளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வெளியே சிவகிரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. ஒரு கிழவரை ஏற்றிக்கொள்ளக் கொஞ்சநேரம் நின்றது. மாரிசெல்வி எழுந்திருக்கவில்லை. பஸ் போனபிறகு மடியிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"சரி, அந்த மனுவ டைப் பண்ணு."

ஆவுடையம்மாள் கம்ப்யூட்டரில் பழைய மனு ஒன்றைத் திறந்தாள். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும், மிச்சமெல்லாம் தயாராக இருக்கும். 'எதிர்மனுதாரர் குடிபோதையில் கடும் கோபம் கொண்டு என்னைத் தாக்கினார்' என்ற வரியை மாரிசெல்வி எட்டிப் பார்த்து, உதடு அசையப் படித்தாள்.

"குடிக்கல யக்கா. கோவமும் இல்ல. டிவி பாத்துக்கிட்டு இருந்தான். தண்ணி வைக்கப் போனேன், அடிச்சான். பொறவும் டிவிதான் பாத்தான்."

ஆவுடையம்மாள் அந்த வரியை அழித்தாள். அங்கே வேறு என்ன எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. கைப்பழக்கமான வார்த்தைகள் எல்லாமே அவனுக்கு ஒரு காரணத்தைத் தேடிக் கொடுத்தன.

"நீயே சொல்லு மக்கா" என்றாள். "நீ சொல்லுதத மட்டும் போடுதேன்."