லேடீஸ் பெட்டி

சாதியாவை ஜப்பானுக்கு அனுப்பும்போது நூருன்னிசா மகளுக்கு இரண்டே இரண்டு புத்திமதிதான் சொன்னாள். ரயிலேறினால் லேடீஸ் பெட்டியில் ஏறு. அந்நிய ஆம்பளைகள் இருக்கிற இடத்தில் உன் குரல் கேட்கக் கூடாது. வாலாஜாபாத்தில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்குவதென்றாலும் அவள் வீட்டில் அதுதான் வழக்கம். ஆண்கள் ஒரு பெட்டி, பெண்கள் ஒரு பெட்டி, இறங்கியதும் பிளாட்பாரத்தில் சேர்ந்துகொள்வார்கள். ஒரே ரயில்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது?

ஓடித்தான் விட்டது.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே அவளுக்கு வளையல் கடை. மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரத்தில் போன் அடித்தது. சாதியாதான். குரல் கிசுகிசுவென்று வந்தது.

"ம்மா... பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்துடுச்சும்மா. நிக்கவே மாட்டேங்குது."

பேத்தி சனோபருக்கு மூன்று வயது. காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும். பெரும்பாலும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் கன்னத்துக்குள் விட ஒரு மருந்து உண்டு. கடலோர ஊருக்குப் புதிதாகக் குடிபோனவர்கள், அதை முதல்முறையாக டவுன் ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டு அன்றைக்குத்தான் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"மருந்த விடேன்டி, இன்னா பாத்துக்கினு கீற?"

"பை அவராண்ட கீதும்மா. அவரு கடைசிப் பெட்டில ஏறினாரு. நான் முன்னாடி லேடீஸ் பெட்டில."

"அப்ப பின்னாடி ஓடு!"

"பின்னாடி பெட்டியே இல்லம்மா. பாதி ரயில காணோம்."

பயத்தில் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நூருன்னிசா நினைத்தாள். மருமகன் இம்ரானுக்குக் கடை போனிலிருந்து அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யா அல்லாஹ், எடுத்துத் தொலையேன்! மறுபடி அடித்தாள். அதே கதைதான்.

கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கும் கோகுல்ராஜ் ஒரகடத்தில் ஒரு ஜப்பான்காரன் கம்பெனியில் வேலை செய்கிறான், அந்தப் பாஷையும் படித்தவன். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவன், அவள் மாடிப்படியில் நின்று கதவைத் தட்டிய தட்டில் லுங்கியோடு இறங்கி வந்தான். சாதியாவிடம் ஏறின ஸ்டேஷன் பேரைக் கேட்டுக்கொண்டு தன் போனில் தேடினான்.

"அக்கா, அந்த ரயிலு வழில ஒரு ஜங்ஷன்ல ரெண்டா பிரியும். முன்பாதி மலைக்குப் போவும், பின்பாதி கடற்கரைக்கு. உங்க மாப்ள வூட்டுக்குப் போற பாதில கீறாரு. சாதியா மலைக்குப் போய்க்கினு கீது."

"ஓடற ரயில எவனாச்சும் ரெண்டா அறுப்பானா?"

"அது கவர்மென்ட் ரயில் இல்லக்கா, தனியார் லைனு. முன்ன ரெண்டு கம்பெனி. ஒருத்தன் மலைலேர்ந்து மரம் எறக்கறதுக்குத் தண்டவாளம் போட்டான், இன்னொருத்தன் மீன் ஏத்தறதுக்கு. அப்பறம் ரெண்டும் ஒண்ணாயி, டவுன்லேர்ந்து ஒரே ரயிலா..."

"வூடு பத்திக்கினு எரியசொல்ல கெணறு வெட்டுன கதைய சொல்றியே! அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி ஸ்டேஷன் மாஸ்டராண்ட ஓடச் சொல்லு!"

"அதுக்குத்தான் சொல்றேன்க்கா. மரம் வெட்டறது நின்னுபோச்சு, மலை ஜனம் டவுனுக்குப் போயிடுச்சு. கம்பெனிக்குக் கட்டுப்படி ஆவல, ஸ்டேஷன் ஆளுங்கள நிறுத்திட்டான். அந்தப் பக்கம் ஸ்டேஷன்ல ஒரு ஈ காக்கா கெடையாது. கார்டும் கெடையாது, டிரைவர் ஒருத்தர்தான். எறங்கினா கொழந்தையோட காட்டுல நிக்கும்."

யாரோ எந்தக் காலத்திலோ போட்ட தண்டவாளம் தன் பேத்தியின் உயிரில் வந்து முடியும் என்று நூருன்னிசா கண்டாளா?

"மாப்ள ஏன்பா எடுக்கல?"

"அங்க ரயில்ல போன் பேசக் கூடாதுக்கா. எல்லாரும் சைலன்ட்ல போட்டுடுவாங்க."

சாதியாவின் குரல் இன்னும் தேய்ந்தது. "ம்மா, உதடு நீலமா ஆவுதும்மா."

"பக்கத்துல யாரும் இல்லியா?"

"கீறாங்க. ஜங்ஷன் தாண்டினதும் லேடீஸ் பெட்டின்னு இல்லாம ஆம்பளைங்களும் ஏறிட்டாங்க. எல்லாரும் போனையே பாக்கறாங்க. பாப்பாவ துப்பட்டாவால மூடி மடில வச்சினு கீறேன், தூங்குதுன்னு நெனச்சிக்கினு கீறாங்க."

கோகுல்ராஜ் போனுக்குள் குனிந்தான். "சாதியா, பதறாத. பாப்பாவ ஒருக்களிச்சுப் படுக்க வை. கதவாண்ட செவப்பு பட்டன் ஒண்ணு இருக்கும், அத அமுக்கினா டிரைவருக்குத் தெரியும்."

"செயின இழுக்கற மாதிரியா? போலீஸ் புடிச்சிக்கினு போய்ட்டா? எனக்கு ஒண்ணும் படிக்கத் தெரியலயே..."

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? நூருன்னிசா போனைப் பிடுங்கினாள்.

"கத்துடி!"

"ம்மா?"

"கத்துடின்றேன்! ஆம்பள கீறானா, எவன் கீறான்னு பாக்காத. துப்பட்டாவ எடுத்துக் கடாசிட்டுக் கத்து!"

மறுமுனையில் ஒரு காற்று மட்டும் வந்தது. சாதியா கத்தத்தான் பார்த்தாள், குரல் எழும்பவில்லை. எப்படி எழும்பும்? வயசுக்கு வந்த வருஷம் காஞ்சிபுரம் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தாள் என்பதற்காகத் தொடையில் ரத்தம் கட்டுகிற மாதிரி கிள்ளியவள் இந்த நூருன்னிசாதானே?

கடைவீதியில் ஒருநாளும் குரல் உயர்த்தாத நூருன்னிசா போனை வாயோடு வைத்துக்கொண்டு அலறினாள். பேச்சு இல்லை, வெறும் அலறல். எதிரே ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் வாயடைத்துத் திரும்பினான். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். அவள் நிறுத்தவில்லை. அலறிக்கொண்டே இருந்தாள்.

போனுக்குள்ளிருந்தும் ஒரு அலறல் கிளம்பியது.

அடுத்து தடதடவென்று காலடிகள், புரியாத பாஷையில் பெண்களின் குரல்கள், விடாமல் ஒலிக்கும் அபாய மணி. பிரேக் கிறீச்சிட்டது. யாரோ ஒரு அம்மாள் போனை வாங்கிப் பேச, கோகுல்ராஜ் அந்தப் பாஷையில் படபடவென்று சொன்னான். டிரைவர் வந்துவிட்டார், அடுத்த ரயில்வே கேட்டுக்கு ஆம்புலன்ஸ் வருகிறது, அதில் அந்த மருந்து இருக்கிறதாம் என்றான். நூருன்னிசா கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய் ஓதிக்கொண்டே இருந்தது. கடைக்கு முன்னால் கூடிய சனம் கலையவில்லை.

கடைசியில் குழந்தை அழுதது. ஈனஸ்வரத்தில், ஆனால் அழுதது. கோகுல்ராஜ் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்தான்.

"ஆம்புலன்ஸ்ல கீறோம்மா," என்றாள் சாதியா. குரல் கம்மிக் கிடந்தது. "அவங்க போன்ல தமிழ்ல மாத்திக் காட்டறாங்க. மூச்சு நல்லா வருதாம். ஆனா ரொம்ப நேரம் வெட்டிடுச்சாம், மூளைய படம் எடுத்துப் பாத்தாத்தான் சொல்லுவாங்களாம்."

"அல்லா காப்பாத்துவான்டி. அழுவாத."

"ம்மா, ஜங்ஷன்லயே பாப்பாவுக்குக் கண்ணு சொருகிச்சும்மா. ரயிலு நின்னுக்கினு இருந்துச்சு. அவரு பிளாட்பாரத்துல தண்ணி பாட்டில் வாங்கிக்கினு இருந்தாரு, கதவுலேர்ந்து பாத்தேன். கைய ஆட்டினேன், பாக்கல."

"கூப்பிட்டிருக்கலாமேடி! ஒரு கொரல் குடுத்திருந்தா..."

"பிளாட்பாரம் பூரா ஆம்பளைங்கம்மா," என்றாள் சாதியா. "நீ திட்டுவேன்னுதான் கூப்பிடல."